வியாழன் இரவு எத்தனை பேர் வருவார்கள்?

(பொழுதுபோக்கு விளையாட்டு லீக்குகளுக்குக் கைப்பேசிச் செயலி வடிவமைப்பது குறித்து, ஓல்டனில் தமிழ் விளையாட்டுக் கழகத்தாரும் இளையோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



சூரிச், பேர்ண், பாசல், லுசேர்ன் என்று நான்கு திசையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். யாருக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் பயணம். சுவிஸ் ரயில் பாதைகளின் தூரத்தை அளக்கத் தொடங்கிய பூச்சியக் கல் நிற்பது இந்த ஓல்டன் நிலையத்தில்தான். நாடெங்கிலுமிருந்து ஆட்களைக் கூட்ட வேண்டியவர்கள் நூற்றறுபது ஆண்டுகளாக இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். சுவிஸ் அல்பைன் கழகம் 1863 ஏப்ரல் 19 அன்று இங்கே, ரயில் நிலைய உணவகத்தில்தான் தொடங்கப்பட்டது. பேர்ணில் இருந்த ருடோல்ஃப் தியோடோர் சிம்லர் என்ற அறிவியலாளர், மலையேறுவதில் விருப்பமுள்ளவர்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். திகதி குறித்தார்கள், ரயிலேறி வந்தார்கள், கழகம் பிறந்தது.

ஒருவர் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் வருகிறோம், வரவில்லை என்று சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. சிம்லருடைய சுற்றறிக்கையிலிருந்து நம்முடைய வாட்ஸ்அப் குழு வரைக்கும் பொழுதுபோக்கு விளையாட்டின் முதல் வேலை இதுதான். செயலி வடிவமைப்பைப் பற்றிப் பேச வந்தவன் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் வரும் செயலிகளில் பல, இந்த முதல் வேலையைத் தாண்டிக் குதித்து, கோல் கணக்கிலும் தரவரிசையிலும் வண்ணப் படங்களிலும் போய் நின்றுவிடுகின்றன.

சுவிட்சர்லாந்தில் பதினெட்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் விளையாட்டுச் சங்கங்கள் இருக்கின்றன. இந்நாட்டுக் குடியியல் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி சங்கம் தொடங்குவது மிக எளிது. எழுத்தில் ஒரு யாப்பும், சங்கமாக இயங்குகிறோம் என்ற முடிவும் போதும். 1983க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த நம்மவர்கள் இந்த வழியில்தான் தங்கள் கழகங்களை அமைத்தார்கள். ஊர்ப் பெயரில் சில, பள்ளிக்கூடப் பெயரில் சில, இங்கே வாழும் நகரத்தின் பெயரில் சில. உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், துடுப்பாட்டம், பூப்பந்தாட்டம் எல்லாம் நடக்கின்றன. ஆனால் எந்தக் கழகத்தை எடுத்தாலும் அதைத் தோளில் சுமப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். மண்டபத்துக்கு நகரசபையிடம் விண்ணப்பம் எழுதுவது, எதிரணியோடு பேசுவது, நடுவரைப் பிடிப்பது, திறப்பு வாங்குவது, காசு சேர்ப்பது எல்லாம் அவர்தான். அவர் களைத்துப்போனால் கழகம் படுத்துவிடும். கழகங்கள் அப்படிப் படுத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அவருடைய ஒரு வாரத்தைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் குழுவில் எழுதுகிறார்: “வியாழன் இரவு எட்டு மணி. ஆர் ஆர் வாறியள்?” உடனே நாலு கட்டைவிரல் விழுகிறது. ஒருவர் “ஓம்” என்கிறார். ஒருவர் “பார்ப்பம்” என்கிறார். இடையில் யாருக்கோ பிறந்தநாள் வருகிறது, இருபத்தைந்து வாழ்த்துகள் வந்து குவிகின்றன, கேள்வி மேலே போய் மறைந்துவிடுகிறது. புதன்கிழமை ஒருவர் மீண்டும் “ஓம்” என்கிறார். அது எதற்கு ஓம் என்று தெரியவில்லை. வியாழன் மாலை ஆறு மணிக்கு அவர் வேலை முடிந்து ரயிலில் நின்றபடி ஒவ்வொருவராக அழைக்கிறார். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர், “அண்ணை, நான் வரேல்ல எண்டு தம்பியிட்டச் சொல்லிவிட்டனான், அவன் உங்களிட்டச் சொல்லேல்லையே?” என்கிறார். எட்டு மணிக்கு மண்டபத்தில் நம் பக்கம் ஐந்து பேர். ஆராவிலிருந்து வந்த எதிரணி முழுசாக நிற்கிறது.

செயலி தீர்க்க வேண்டிய துன்பம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். செயலி நன்றாக இருக்கிறதா என்று அறிய, வீரர் அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறார் என்று எண்ண வேண்டாம். வியாழன் மாலை ஆறு மணிக்கு அந்தப் பொறுப்பாளர் எத்தனை தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அது குறைந்தால் செயலி வேலை செய்கிறது. குறையாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

இந்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. நண்பர்களோடு ஒரு இரவு உணவுக்கு நாள் குறிக்கப் பட்ட பாட்டிலிருந்து, மிக்கேல் நேஃப் என்ற கணினிப் பொறியியலாளர் 2003இல் டூடுல் என்ற சேவையை உருவாக்கினார். 2007இல் போல் செவின்ச்சோடு சேர்ந்து அதை நிறுவனமாக்கினார். அதன் சிறப்பு அது செய்த வேலையில் மட்டும் இல்லை. கேட்காமல் விட்டதிலும் இருந்தது. பதில் சொல்பவர் கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் வைக்க வேண்டாம், எதையும் தரவிறக்க வேண்டாம். இணைப்பைத் தொட்டால் கட்டங்கள் தெரியும், பெயரை எழுதி அடையாளமிட்டால் முடிந்தது. லீக் செயலி செய்பவர்கள் இந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும். பொறுப்பாளருக்குச் செயலி வேண்டும். வீரருக்கு ஓர் இணைப்புப் போதும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் அணியில் ஆடும் ஒருவரிடம் முதலில் பதிவுசெய்யுங்கள் என்று கேட்டால், அவர் திரும்பத் தொலைபேசியில்தான் பதில் சொல்வார். சுமை மறுபடி பொறுப்பாளர் தலையில் வந்து விழும்.

ஆகவே முதல் திரையில் அடுத்த ஆட்டம் மட்டும் இருக்கட்டும். நாள், நேரம், மண்டபம், எதிரணி, அதன் கீழே பெரிய பொத்தான்கள்: “வாறன்”, “வரேலாது”, “நாளைக்குச் சொல்லுறன்”. நாம் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். மூன்றாவது பொத்தானைப் பற்றித்தான் வடிவமைப்பாளர்களுக்குள் வாக்குவாதம் வருகிறது. அதை எடுத்துவிட்டால் எல்லோரும் தெளிவாகப் பதில் சொல்வார்கள் என்பது ஒரு கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. உணவகத்தில் வேலை செய்பவருக்கு வியாழன் இரவு வேலை இருக்கிறதா என்பது புதன்கிழமைதான் தெரியவரும். அவரை இன்றைக்கே சொல் என்று நெருக்கினால் ஒன்று பொய் சொல்வார், இல்லை பேசாமல் இருப்பார். மூன்றாவது பொத்தான் இருக்கட்டும், அதற்கு ஒரு கெடுவும் இருக்கட்டும். புதன் இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு மட்டும் ஒரு நினைவூட்டல் போகட்டும். ஏற்கெனவே பதில் சொன்னவரை மறுபடி தட்டி எழுப்பக் கூடாது. நினைவூட்டலை எல்லோருக்கும் அனுப்பும் செயலியை எல்லோரும் ஊமையாக்கிவிடுவார்கள்.

பதிலே சொல்லாதவர்தான் எல்லாவற்றிலும் கடினம். அவரை வருபவராகக் கணக்கெடுப்பதா, வராதவராகவா? செயலி தானாக முடிவுசெய்யக் கூடாது என்பேன். “பதில் இல்லை: மூன்று பேர்” என்று பொறுப்பாளருக்குத் தனியாகக் காட்டினால் போதும். யார் அந்த மூவர் என்று தெரிந்தால் அவர் மூன்று அழைப்போடு முடிப்பார். அணியில் உள்ள பதினெட்டுப் பேரையும் அழைக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வரமுடியாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். காரணம் எழுத ஒரு பெட்டி வைத்தால் அதை நிரப்பியாக வேண்டும் என்று மனிதர் நினைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல், முதுகு நோவு, கையில் காசில்லை என்பதெல்லாம் ஒருவருடைய சொந்த விஷயம். பதினெட்டுப் பேர் பார்க்கும் திரையில் அதற்கு இடமில்லை.

அடுத்து அட்டவணை. கணினி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரு தடவை என்றால் 28 ஆட்டங்கள். தாளில் மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்றும் அதன் கீழே 8, 7, 6, 5 என்றும் எழுதுங்கள். மேலும் கீழும் எதிரெதிரே நிற்பவர்கள் முதல் சுற்றில் மோதுவார்கள்: 1க்கு 8, 2க்கு 7, 3க்கு 6, 4க்கு 5. பிறகு 1ஐ அசைக்காமல் மற்ற ஏழையும் கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு இடம் நகர்த்துங்கள். இப்போது 1க்கு 7, 8க்கு 6, 2க்கு 5, 3க்கு 4. இப்படி ஏழு சுற்றில் எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிடுவார்கள், ஒரு சந்திப்பும் திரும்ப வராது. ஏழு அணிதான் இருக்கிறது என்றால் எட்டாவது இடத்தில் “ஓய்வு” என்று எழுதிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதுரங்கக்காரர்கள் பயன்படுத்திய முறை. செயலி இதை ஒரு நொடியில் போட்டுவிடும்.

ஆனால் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பள்ளிக்கூட மண்டபம் இரவு எட்டிலிருந்து பத்து வரைக்கும்தான் நமக்கு. நாற்பது நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் மூன்று. சுற்றுக்கு நான்கு ஆட்டம். ஒன்று ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரத்துக்கு வழியும். 28 ஆட்டத்துக்குப் பத்து இரவு வேண்டும். இலையுதிர் விடுமுறையில் மண்டபம் பூட்டு, நத்தாருக்குப் பூட்டு, மாசியில் பாஸ்நாக்ட் கொண்டாட்டம் வந்தால் ஓல்டன் நகரமே வீதியில் நிற்கும். பத்து இரவுகளைத் தேடிப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் லுசேர்னிலிருந்து வரும் அணிக்குக் கடைசி ஆட்டம் போட்டால் குளித்து உடைமாற்றி வீடு சேர நள்ளிரவாகும். காலை நாலு மணிக்கு வெதுப்பகத்தில் வேலை தொடங்குபவர் அந்த அணியில் இருந்தால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். வெறும் சுழற்சிக் கணக்கு இதைக் கவனிக்காது. தூரத்திலிருந்து வருபவருக்கு முதல் ஆட்டம், அதிகாலை வேலைக்காரருக்குப் பிந்திய ஆட்டம் வேண்டாம், சகோதர அணிகள் இரண்டும் ஒரே இரவில் வந்தால் ஒரே காரில் வரலாம் என்பவற்றைப் பொறுப்பாளர் செயலிக்குச் சொல்ல முடிய வேண்டும். சொன்ன பிறகும் செயலி தருவதை அவர் கையால் இழுத்து மாற்ற முடிய வேண்டும். அட்டவணையைப் போட்டுவிட்டு, இனி மாற்ற முடியாது என்று நிற்கும் மென்பொருள் எனக்குக் கோபத்தை வரவைக்கிறது.

ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் ரயில் வரும் முறை சுவிஸ் முழுதும் 1982 மே 23இல் தொடங்கியது. மக்கள் அட்டவணையைப் பார்க்காமலே நிலையத்துக்குப் போகப் பழகினார்கள். லீக்குக்கும் அது பொருந்தும். வாரத்துக்கு ஒரு நேரம், மாதத்துக்கு ஒரு மண்டபம் என்று மாற்றினால் எத்தனை அறிவித்தல் அனுப்பினாலும் ஆட்கள் தவறுவார்கள். உள்ளரங்கில் ஆடும் யூனிஹொக்கியில் சிறுதிடல் லீக்குகளைப் பாருங்கள். பல அணிகள் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் கூடும், ஒவ்வொன்றும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும், நடத்தும் கழகம் சிற்றுண்டிச்சாலை போட்டுக் கொஞ்சம் காசு பார்க்கும். நம்முடைய குளிர்காலச் சுற்றுப்போட்டிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன், நம் பெண்கள் அணிகளுக்குக் குறிப்பாக. வாராவாரம் இரவில் பயணம் செய்வதைவிட மாதத்தில் ஒரு ஞாயிறு முழுநாள் என்பது பல குடும்பங்களுக்கு எளிது.

இப்போது முடிவுகளும் புள்ளிப் பட்டியலும். ஒரு அணித்தலைவர் முடிவைப் பதிய, மற்றவர் ஒப்புக்கொள்ளட்டும். ஒத்துவராவிட்டால் பொறுப்பாளரிடம் போகட்டும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருக்கட்டும். பல மண்டபங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பதால் அலைவரிசை வராது. அங்கே பதிந்தது கைப்பேசியிலேயே தங்கியிருந்து வெளியே வந்ததும் போய்ச் சேர வேண்டும். இவை தொழில்நுட்ப விஷயங்கள், செய்யத் தெரிந்தவர்கள் செய்துவிடுவார்கள்.

நான் கூடுதல் நேரம் நிற்க விரும்புவது பட்டியலின் வரிசையில். இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால் யார் மேலே? கோல் வித்தியாசம் என்று உடனே சொல்வீர்கள், தொலைக்காட்சியில் பார்த்த பழக்கம். சுவிஸ் உதைபந்தாட்டச் சங்கத்தின் அமெச்சூர் லீக்குகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அங்கே ஒவ்வோர் அணிக்கும் தண்டப் புள்ளி என்று ஒரு கணக்கு இருக்கும். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் அதில் சேரும். புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது அந்தத் தண்டப் புள்ளியைத்தான். குறைவாக வாங்கிய அணி மேலே போகும். கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். சிறுவர்களின் கீழ்ப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலே வெளியிடுவதில்லை. அந்த லீக்கை நடத்துபவர்கள் எதை மதிக்கிறார்கள் என்பது அந்த வரிசையில் இருக்கிறது. ஒரு செயலி கோல் வித்தியாசத்தை மாற்ற முடியாதபடி எழுதி வைத்திருந்தால், யாரோ ஒரு நிரலாளர் எங்கோ உட்கார்ந்து நம் லீக்கின் ஒழுக்கத்தைத் தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். அதை ஏற்கக் கூடாது. விதிகள் கழகங்களின் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும், செயலி அவற்றுக்குப் பணிய வேண்டும்.

கரப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் ஓவர் கேம் என்றும் செற்றப் என்றும் இரண்டு விதமாக ஆடுகிறோம். வலை ஒன்று, பந்து ஒன்று, விதிகள் வேறு. ஐரோப்பாவில் விற்கப்படும் எந்தச் செயலியிலும் விளையாட்டுப் பட்டியலில் ஓவர் கேம் இருப்பதை நான் காணவில்லை. அதற்காக நாம் நம் ஆட்டத்தை மாற்ற முடியாது. புதிய ஆட்டம் ஒன்றைப் பொறுப்பாளரே சேர்த்து, எத்தனை பேர், எத்தனை செற், எத்தனை புள்ளி என்று எழுதிவைக்கும் வசதி வேண்டும். எங்கள் இளையோர் இதைச் செய்துதந்தால் அது நம்முடைய ஆட்டத்துக்குச் செய்யும் பெரிய தொண்டு.

புள்ளிவிவரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். அகமதாபாத்தில் உருவான கிரிக்ஹீரோஸ் என்ற செயலி, தெருவிலும் மைதானத்திலும் ஆடும் சாதாரணத் துடுப்பாட்டக்காரருக்குப் பந்துக்குப் பந்து கணக்கு வைக்கிறது. தமிழ்நாட்டில் டென்னிஸ் பந்து ஆட்டக்காரர்கள்கூடத் தங்கள் சராசரியைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டுகிறார்கள். தொலைக்காட்சியில் வராத ஒருவருக்கும் அவர் அடித்த ஓட்டங்கள் எழுதப்பட்டு நிற்பது மகிழ்ச்சியான விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எண்கள் எல்லோரையும் மகிழ்விப்பதில்லை. கடைசி இடத்தில் நிற்பவரின் பெயரையும் அதே பட்டியல் காட்டுகிறது. புதிதாக விளையாட வந்த ஒரு பெண், நாற்பது வயதில் முதல் தடவை பந்தைத் தொடும் ஒரு தகப்பன், இவர்களுடைய தனிக் கணக்கு அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அணியின் கணக்கு எல்லோருக்கும், ஆளின் கணக்கு அவருக்கும் அவர் விரும்பியவருக்கும். தொடக்க அமைப்பிலேயே இப்படி இருக்க வேண்டும்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2023 செப்டெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த சுவிஸின் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் அமைப்பைத் தொடக்கத்திலிருந்தே வைக்கச் சொல்கிறது. வயதுப் பிரிவைச் சரிபார்க்கப் பிறந்த திகதி வேண்டும் என்பது உண்மை. பொறுப்பாளர் அடையாள அட்டையைப் பார்த்துச் சரி என்று அடையாளமிட்டால் போதாதா? அட்டையைப் படம் பிடித்து ஏன் வைத்திருக்க வேண்டும்? பிள்ளைகளின் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; பெற்றோர் ஒப்புக்கொள்ளாமல் ஒன்றும் ஏற்றக் கூடாது.

பெயர் என்ற சிறிய இடத்திலும் நம்மவர்கள் அவதிப்படுகிறார்கள். இங்கே தகப்பனுடைய பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. நிறுவனப் பட்டியலில் அந்தப் பெயர் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்படுகிறது. சக வீரருக்கோ அந்தப் பெயரே தெரியாது, வீட்டுப் பெயர்தான் தெரியும். ஒரே பெயர் ஜெர்மன் எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டு மூன்று ஆளாக மாறிவிடுகிறது. அடையாள அட்டைப் பெயருக்கு ஓர் இடம், கூப்பிடும் பெயருக்கு ஓர் இடம், அதைத் தமிழிலும் எழுதலாம் என்றால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. அதேபோல் நிறம். பச்சை வருகிறார், சிவப்பு வரவில்லை என்று நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரைக்கும் அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள். நிறத்தோடு சொல்லும் இருக்கட்டும்.

காசு பற்றிச் சுருக்கமாக: செயலி காசைக் கையில் வாங்கக் கூடாது. மண்டப வாடகையில் யார் பங்கு தந்தார், யார் தரவில்லை என்பதைப் பொருளாளருக்கு மட்டும் காட்டட்டும். கொடுப்பனவு ட்விண்ட் என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாகக் கழகக் கணக்குக்கு நேரே போகட்டும்.

கடைசியாக ஒன்று, இளையோருக்கு. செயலி செய்யும் நிறுவனங்கள் வரும், விலைபோகும், மூடப்படும். இலவசமாக இருந்தது ஒரு நாள் கட்டணம் கேட்கும். பத்து ஆண்டுகளாக ஒரு லீக் சேர்த்த முடிவுகளும் அணிப் பட்டியல்களும் அன்று என்ன ஆகும்? செயலாளர் மாறினால் புதியவர் கையில் என்ன இருக்கும்? எந்தச் செயலியை எடுப்பதற்கு முன்னும், ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் எடுக்காதீர்கள். நீங்களே செய்கிறீர்கள் என்றால் அந்தப் பொத்தானை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் அது ஒருபோதும் வராது.

குளிர்காலச் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்கள் தங்கள் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். இடைவேளைக்குப் பிறகு அவற்றை மேசையில் விரித்து, சமநிலை வந்தால் என்ன செய்கிறீர்கள், ஆள் குறைந்தால் என்ன செய்கிறீர்கள், அணி வராவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு கழகத்தின் பதிலையும் தாளில் எழுதுவோம். நிரல் எழுதத் தெரிந்த இளையோர் அந்த மேசையின் ஒரு பக்கத்திலும், இத்தனை காலம் தொலைபேசியோடு அலைந்த பொறுப்பாளர்கள் மறுபக்கத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.